கரை இருக்கிறது, பாதை எங்கே?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில், சிற்றுண்டிக்குப் பிறகு ஒரு குடும்பத்தார் திரை கட்டிப் படங்கள் காட்டினார்கள். கோடை விடுமுறையில் சுவிட்சர்லாந்து போய், சைக்கிளை வாடகைக்கு எடுத்து, ஆல்ப்ஸ் மலை ஏரிகளையும் ஆறுகளையும் ஒட்டி ஐந்து நாட்கள் சுற்றிய படங்கள். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், பின்னால் பனிமலை, ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரொட்டி தின்னும் குழந்தைகள். ஒவ்வொரு படத்துக்கும் கூடம் முழுக்க "ஆகா" என்றது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி ஒருவர் பெருமூச்சு விட்டார். "இதெல்லாம் அங்கேதான் நடக்கும். நம்ம பெஹாலாவில் சைக்கிளை வெளியே எடுத்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிட்டது. அதனால்தான் ஆசிரியரிடம் இரண்டு பக்கம் இடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

அந்தப் படங்களில் இருந்த ஓர் ஆற்றங்கரையை நானும் பார்த்திருக்கிறேன். என் மகள் பேர்ன் நகரில் இருக்கிறாள். 2023 கோடையில் இரண்டு மாதம் அவள் வீட்டில் இருந்தோம். ஆரே என்ற ஆறு அந்த ஊரைச் சுற்றி ஓடுகிறது. மலையில் பனிப்பாறைகளின் அடியில் பிறந்து, முதலில் பிரியன்ஸ் ஏரி, அடுத்து தூண் ஏரி என்று இரண்டு ஏரிகளில் இறங்கி எழுந்து பேர்ன் வந்து, கடைசியில் ரைன் நதியில் சேர்கிறது. தண்ணீர் போகும் வழியிலேயே ஒரு சைக்கிள் பாதையும் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைத் தூண் ஊரிலிருந்து பேர்ன் வரை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கூட்டிக்கொண்டு போனார். அப்போது எனக்கு வயது 70. பாதி வழியில் முழங்கால் சத்தியாக்கிரகம் செய்தது. பக்கத்திலேயே ரயில் நிலையம் இருந்தது. சைக்கிளுக்கும் ஒரு டிக்கெட் வாங்கி, அதையும் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மறுவாரம் அங்கே ஈழத்தமிழர் ஒருவரைச் சந்தித்தேன். பேர்னில் 2014இல் திறந்த பல சமய இல்லம் ஒன்று உண்டு. அதற்குள்ளேயே சைவக் கோயிலும் இருக்கிறது. அங்கே பிரசாத வரிசையில்தான் பழக்கம். எண்பதுகளில் வந்தவர், ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவி வாழ்க்கையைத் தொடங்கியவர். நான் ஆற்றங்கரைப் பாதையின் அழகை வருணித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அழகுதான் ஐயா. ஆனா நான் அதைப் பகலிலை பார்த்தது குறைவு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேலை முடியும். பஸ் இராது. அந்தக் கரையாலைதான் சைக்கிளிலை வீட்டை போறனான். பதினொரு வருஷம்."

எனக்கு உல்லாசமாக இருந்த பாதை அவருக்கு வேலைக்குப் போய்வரும் வழியாக இருந்திருக்கிறது. நான் சொல்ல வந்ததும் அதுதான். மலை அவர்களுக்கு இயற்கை கொடுத்தது. பாதையை அவர்கள் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள். உல்லாசப் பயணிக்கு மட்டும் என்று நினைத்திருந்தால் அது இவ்வளவு தூரம் வந்திருக்காது.

எப்படி உண்டாக்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாக நிலத்தை வாங்கிப் போட்ட பாதை கொஞ்சம்தான். தூணுக்கும் பேர்னுக்கும் இடையே வெள்ளத்தைத் தடுக்க ஒரு காலத்தில் ஆற்றுக்குக் கரை கட்டினார்கள். அந்தக் கரைமேல்தான் இன்று சைக்கிள் போகிறது. பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் டான்யூப் நதியோரம் ஒரு பாதை உண்டு. ஜெர்மனியின் பாஸாவிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கும் மேல். அது பெரும்பாலும், நதியில் படகுகளைக் குதிரை கட்டி இழுத்த பழைய கரைவழி. குதிரைகள் போன பிறகும் வழி இருந்தது. அதைச் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் இப்படிக் கிடந்த துண்டு வழிகளையெல்லாம் கோத்து, எண் போட்டு, சிவப்புப் பலகை நட்டு, 1998இல் ஒன்பது தேசியப் பாதைகளாக அறிவித்தார்கள். ஆரே பாதைக்கு 8ஆம் எண். ஏரிகளை இணைக்கும் பாதைக்கு 9ஆம் எண். 2018 செப்டம்பரில் சைக்கிள் பாதைகளை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். 73.6 சதவீதம் பேர் "சரி" என்றார்கள். அதற்கான சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கொல்கத்தாவில் 2008இல் 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். 2013இல் அது 174 சாலைகள் ஆயிற்று. பால்காரர், பேப்பர் போடுபவர், மீன் கொண்டு வருபவர், குழாய் ரிப்பேர் செய்பவர் என்று எத்தனையோ பேர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பின்பு 62 சாலைகள் என்று குறைத்தார்கள். போக்குவரத்து வேகமாக நகர வேண்டும் என்பது காரணம். கொல்கத்தாவின் பரப்பில் சாலைக்கு இருப்பது சுமார் 6 சதவீத இடம்தான் என்பதும் உண்மை. ஆனால் குறைந்த இடத்தில் நிறையப் பேர் போக வேண்டும் என்றால், ஓர் ஆளைச் சுமந்து போகும் காரையா முதலில் தடுக்க வேண்டும், ஓர் ஆளைச் சுமந்து போகும் சைக்கிளையா? இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே மாநில அரசு 2015இல் "சபுஜ் சாத்தி" என்ற திட்டத்தைத் தொடங்கியது. பச்சைத் தோழன் என்று பொருள். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள். இதுவரை ஒரு கோடிக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். மிக நல்ல திட்டம். நான் குறை சொல்ல மாட்டேன். நம் தமிழ்நாட்டிலும் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம்தானே? ஆனால் ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்து, இன்னொரு கையால் சாலையை மூடினால், பிள்ளை அதை எங்கே ஓட்டும்? எங்கள் வீட்டுக்குப் பேப்பர் போடும் பையன் பள்ளியில் கிடைத்த சைக்கிளில்தான் வருகிறான். ஒரு நாள் பெரிய சாலையைத் தாண்டும்போது அபராதம் கட்டிவிட்டு வந்தான். அன்றைய வருமானம் அதோடு போயிற்று. எந்த இடம், யார் என்றெல்லாம் எழுதி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்: "தாது, இஸ்கூலில் கொடுத்தது வீட்டில் வைத்துப் பார்க்கவா?"

பெஹாலாவில் இருப்பவர்களுக்கு டயமண்ட் ஹார்பர் ரோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி காலை, பெஹாலா சௌராஸ்தாவில், தந்தையோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுவன் லாரி மோதி இறந்தான். சைக்கிளில்கூட இல்லை, நடந்து போனவன். அன்று ஊரே கொதித்தது. அப்போது நான் பேர்னில் இருந்தேன். மகள் செய்தியைப் படித்துக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே அதே வயதுப் பிள்ளைகள் தனியாக, முதுகில் பையோடு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை தெரிந்தது. அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே மாமி சொன்னதில் பாதி நியாயம். அந்தச் சாலையில் ஒரு குழந்தையைச் சைக்கிளில் அனுப்பு என்று எந்த முகத்தோடு சொல்வேன்? ஆனால் "அங்கேதான் நடக்கும்" என்ற மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நமக்கும் ஆறு இருக்கிறது, கால்வாய் இருக்கிறது, அவற்றுக்குக் கரை இருக்கிறது.

நான் 1974இல் இங்கே வேலைக்கு வந்து பர்ணஸ்ரீயில் ஓர் அறை எடுத்தேன். முதல் வருட போனஸில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மெஸ்ஸில் உடனிருந்த இரண்டு தமிழ் நண்பர்களும் தாராதலா வழியாக பஜ்பஜ் போவோம். போக 20 கிலோமீட்டருக்குள்தான். வழியில் பாட்டாநகர். 1930களில் செருப்புத் தொழிற்சாலைக்காக எழுந்த ஊர். ஷிப்ட் விடும் நேரத்தில் அங்கே சைக்கிள் மணி ஓசை கோயில் மணிபோல் விடாமல் கேட்கும். பிறகு சணல் ஆலைகள், எண்ணெய்க் கிடங்குகள், செங்கல் சூளைகள். அவற்றின் இடுக்கில் திடீரென்று ஹூக்ளி நதி அகலமாகத் திறந்து நிற்கும். முதல்முறை பார்த்தபோது மூவரும் வாய் பேசாமல் நின்றோம்.

பஜ்பஜ் என்றால் பலருக்கு எண்ணெய் டிப்போ மட்டுமே நினைவுக்கு வரும். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அமெரிக்கப் பயணம் முடிந்து, நம் சென்னையில் பெரும் வரவேற்புப் பெற்று, அங்கிருந்து கப்பலேறி வந்து வங்க மண்ணில் இறங்கியது இங்கேதான். மறுநாள் காலை தனி ரயிலில் சியால்தா போனார். கனடா திருப்பி அனுப்பிய கோமகதா மாரு கப்பல் 1914 செப்டம்பரில் வந்து நின்றதும், இறங்கிய பயணிகள் மீது ஆங்கிலேயர் துப்பாக்கிச் சூடு நடத்தியதும் இங்கேதான். நினைவுச் சின்னம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் அச்சிப்பூர். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் நிலம் பெற்று, சர்க்கரை ஆலை வைத்த டோங் அச்சூ என்ற சீனரின் சிவப்பு வண்ணக் கல்லறை ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. கொல்கத்தாச் சீனர்கள் ஆண்டுதோறும் தங்கள் புத்தாண்டுக் காலத்தில் அங்கே வந்து வணங்குகிறார்கள். ஊரை விட்டு வந்து பிழைத்த நமக்கு, நமக்கு முன் வந்து பிழைத்தவரின் கல்லறை எத்தனை சொல்லும்! சுவிட்சர்லாந்தில் இப்படி ஓர் இருபது கிலோமீட்டர் இருந்திருந்தால் அதற்கும் ஓர் எண் கொடுத்துச் சிவப்புப் பலகை நட்டிருப்பார்கள்.

சாலை வழியாக இன்று அங்கே சைக்கிளில் போவது கடினம். ஜின்ஜிரா பஜாரிலிருந்து பாட்டாநகர் வரை 2019இல் பெரிய மேம்பாலம் திறந்தார்கள். அது மோட்டார் வண்டிகளுக்கு நல்லதாயிற்று. சைக்கிள்காரருக்கு என்ன செய்தோம்? இங்கேதான் நான் சரியல் கால்வாயைச் சொல்ல விரும்புகிறேன். பெஹாலா, தாகுர்புகூர் பக்கத்து மழைநீரைச் சுமந்து போய் பஜ்பஜ் அருகே ஹூக்ளியில் விடும் வடிகால் அது. வங்காளத்தில் இதைக் "கால்" என்பார்கள். நம் வாய்க்காலிலும் அதே போன்ற ஓசை கேட்கிறது. கிழக்கே போனால் ஆதிகங்கை. வில்லியம் டோலி 1770களில் தூர்வாரி வெட்டியதால் டோலி நாலா என்று பெயர் வந்தது. காளிகாட் கோயில் அதன் கரையில்தான். டாலிகஞ்சிலிருந்து கரியா வரை மெட்ரோ ரயிலுக்காக அதன் தண்ணீருக்குள்ளேயே தூண்களை இறக்கினார்கள். ரயிலுக்கு ஆற்றையே கொடுக்க முடிந்த ஊரில், சைக்கிளுக்குக் கரையில் எட்டடி கொடுக்க முடியாதா?

கால்வாய்க்கரை சைக்கிளுக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்குச் சொல்லித் தந்தது ஆல்ப்ஸ் அல்ல. நான் ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரன். 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்தக் கரை பொதுப்பணித்துறை ஜீப்புக்காகப் போட்டது. ஆனால் ஜீப் மாதம் ஒருமுறை வரும். நாங்கள் தினமும் போவோம். உயர்நிலைப் பள்ளிக்கு, சந்தைக்கு, மாமா வீட்டுக்கு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மர நிழல், எதிரே வண்டி பயம் இல்லை. அதை யாரும் "இயற்கை எழில் கொஞ்சும் பாதை" என்று சொன்னதில்லை. கரை என்றுதான் சொன்னோம்.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்த காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். குவாரித் தொழிலாளி, பூ கட்டுபவர், ஆசிரியை, தண்ணீர் சுமப்பவர் எல்லோரும். பஸ்ஸுக்கும் கணவனுக்கும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது. சைக்கிள் என்பது ஏழையின் வண்டி என்று மூக்கைச் சுளிப்பவர்கள் அந்தப் பெண்களைக் கேட்கட்டும்.

சில ஆட்சேபங்கள் வரும். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

"கால்வாய் நாறுகிறதே?" உண்மை. சாக்கடை விழுகிறது, குப்பை விழுகிறது. யாரும் போகாத கரையில்தான் குப்பை சேரும். தினமும் ஆயிரம் பேர் போகும் கரையில் கேள்வி கேட்க ஆயிரம் பேர் இருப்பார்கள். தண்ணீர் சுத்தமான பிறகு பாதை என்றால் இரண்டும் வராது.

"கரையில் குடிசைகள் இருக்கின்றனவே?" இது கனமான கேள்வி. சைக்கிள் பாதை என்ற பெயரில் அவர்களைத் துரத்தினால் அந்தப் பாதையில் நான் கால் வைக்க மாட்டேன். சைக்கிளை அதிகம் ஓட்டுபவர்களே அவர்கள்தான். யாருக்காகப் பாதையோ அவர்களை விரட்டிவிட்டு, ஞாயிறு காலையில் தொப்பி போட்டு வருபவர்களுக்கு அதைக் கொடுப்பது அநியாயம். ஆகவே காலியாக இருக்கும் துண்டுகளில் முதலில் தொடங்கலாம். மற்ற இடங்களில் பாதை தெருவுக்குள் வளைந்து போகட்டும். ஆரே பாதையும் எல்லா இடத்திலும் கரையிலேயே போகவில்லை. ஊருக்குள் நுழைந்து, வயலுக்குள் புகுந்து, மறுபடி கரைக்கு வருகிறது.

"நம் வெயிலில் யார் ஓட்டுவார்கள்?" இப்போதே ஓட்டுகிறார்களே! வெயிலிலும் மழையிலும், நாம் தூங்கும்போதும். அவர்களுக்கு நிழல் தரும் மரம் வேண்டும் என்றால் அதற்குக் கரையை விட நல்ல இடம் எது?

2022 டிசம்பர் கடைசியில் ஜோக்காவிலிருந்து தாராதலா வரை மெட்ரோ திறந்தது. 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை நீண்டது. நம் பெஹாலாவுக்கு எத்தனை வருடக் கனவு! இனி சைக்கிளில் கரை வழியாக நிலையம் வந்து, பூட்டிவிட்டு ரயில் ஏற ஒரு கொட்டகை போதும். பெரிய சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

கடைசியாக, நம்மைப் பற்றி. நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கித் தராதவர்கள் குறைவு. ஆனால் அது மொட்டை மாடியில் ஓடுகிறது. பிறகு காற்றிறங்கிப் படிக்கட்டுக்கு அடியில் நிற்கிறது. அதே பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போய் ஏரிக்கரையில் சைக்கிள் விட்டுப் படம் எடுக்கிறோம். நான் அதைத் தவறு என்று சொல்லவில்லை. என் பேரன் படமும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் 50 வருடம் உப்பைத் தின்றவன் நான். வாடகைக்கு வந்தவன்போல் "இங்கே எதுவும் நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இது நம் ஊர் என்றால் இதன் கால்வாயும் நம்முடையது, அதன் நாற்றமும் நம்முடையது.

செயற்குழுவுக்கு இரண்டு வேண்டுகோள். மாநகராட்சிக்கும் நீர்ப்பாசனத் துறைக்கும் சங்கத்தின் பெயரில் ஒரு விண்ணப்பம்: சரியல் கால்வாய்க் கரையில் காலியாக உள்ள ஒரு துண்டிலாவது சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் வழி விட வேண்டும் என்று. வங்காளத்தில் எழுதித் தர என் அடுத்த வீட்டுத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். கையெழுத்து வாங்க நான் வீடு வீடாக வருகிறேன். இரண்டாவது, மார்கழி முடிவதற்குள் ஒரு ஞாயிறு அதிகாலை, லாரிகள் எழுவதற்கு முன், பஜ்பஜ் நதிக்கரைக்கு ஒரு சைக்கிள் பயணம். பெரியவர்கள் பிள்ளைகளைச் சுற்றி வரிசையாகப் போகலாம். முழங்கால் சம்மதிக்காதவர்கள் இட்லிப் பொட்டலத்தோடு ரயிலில் வரலாம். பஜ்பஜ் லோக்கல் இருக்கிறது.

பேப்பர் போடும் பையனிடம் சொல்லிவிட்டேன். வழி காட்ட வருகிறேன் என்றான். எனக்கு இப்போது வேண்டியது சைக்கிளுக்கு இரண்டு டியூப். மாமியிடமும் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.